பிரேசில் ஃபங்க்கின் தாளம் கோயில் முரசிலிருந்து வந்ததா, டிரம் மெஷினிலிருந்து வந்ததா?

ரீல்ஸில் ஓடும் ஒரு பிரேசில் பாட்டைக் கேட்டுவிட்டு நீங்கள் கேட்டிருப்பது இதுதான். பிரேசில் ஃபங்க்கில் வரும் அந்த முட்டித் தள்ளும் தாளம், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிபாட்டு முரசு என்று ஒரு வீடியோ சொல்கிறது. அது மயாமி பாஸ் என்ற அமெரிக்க இசைவகையின் காப்பி, ஆப்பிரிக்கப் பேச்செல்லாம் பிற்பாடு ஒட்டியது என்று இன்னொரு வீடியோ சொல்கிறது. இரண்டில் எது உண்மை, உறுமியை வைத்து நாமும் இப்படி ஒன்று செய்யலாமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அந்த அடிக்கணக்கு எங்கிருந்து வந்தது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த இரண்டு வீடியோக்களும் சண்டை போடுகின்றன.

நான் மிருதங்கம் கற்றவன், பல வருடங்களாக ஸ்டுடியோக்களில் ரிதம் புரோகிராமிங் செய்கிறவன். பிரேசில் தாளங்களைத் தொழிலுக்காகப் படிக்க ஆரம்பித்து, பிறகு அதன்மேல் தீராத பிரியம் வந்துவிட்டது. ரியோவில் வளர்ந்தவன் இல்லை. அதனால் அந்தத் தெருக்களில் பிறந்தவர்களுக்கு உடம்பிலேயே தெரிகிற விஷயங்கள் எனக்குக் கேள்வியறிவுதான். பாடல் வரிகளின் கொச்சையையும் நயத்தையும் எடைபோடவும் நான் சரியான ஆள் இல்லை. தாளத்தையும் கருவியையும் பற்றி மட்டும் நம்பிக்கையோடு பேசுவேன்.

முதலில் நாம் பேசுவது எந்த இசையைப் பற்றி என்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பைலே ஃபங்க் என்றும், பிரேசிலில் ஃபங்க் கரியோகா அல்லது வெறுமனே ஃபங்க் என்றும் சொல்லப்படும் இசை இது. ரியோ டி ஜெனிரோவின் குன்றுச் சரிவுகளிலும் புறநகர்களிலும் இருக்கும் ஃபவேலா என்ற ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தது. ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க்குக்கும் இதற்கும் இன்று ஒலியில் பெரிய ஒற்றுமை கிடையாது. ஆனால் பெயர் சும்மா வரவில்லை. 1970-ல் ரியோவின் கனேகாவ் அரங்கில் பிக் பாய், அடெமிர் லெமோஸ் என்ற இரண்டு டிஜேக்கள் ‘பைலே டா பெசாடா’ என்ற நடன விருந்தை நடத்தினார்கள். அங்கிருந்து அமெரிக்க சோல், ஃபங்க் ரெக்கார்டுகளுக்கு ஆடும் பழக்கம் வடக்குப் புறநகர்களின் விளையாட்டு கிளப்புகளுக்குப் பரவியது. சோல் கிராண்ட் பிரி, ஃபுராகாவ் 2000 போன்ற சவுண்ட் குழுக்கள் ஸ்பீக்கர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளப் கிளப்பாகப் போயின. கறுப்பின இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அது ராணுவ ஆட்சிக் காலம். ஆடவந்த கூட்டத்துக்குள் இனவுணர்வு அரசியல் இருக்கிறதோ என்று உளவுத்துறை அவர்களைக் கண்காணித்தது.

1980-களில் ரெக்கார்டுகள் மாறின, ஆட்டக் கூட்டம் மாறவில்லை. 1982-ல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் ‘பிளானட் ராக்’ வந்தது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் மெட்டையும் தாளத்தையும் எடுத்து, ரோலண்ட் டிஆர்-808 என்ற டிரம் மெஷினை வைத்து நியூயார்க்கில் செய்த பாட்டு அது. அதைத் தொடர்ந்து மயாமி பாஸ் வந்தது. 808-இன் கிக்கை, அதாவது கனத்த அடிமுரசுச் சத்தத்தை, நீட்டி நீட்டி, நெஞ்சுக்கூடு அதிரும்படி அடித்த இசை. ரியோ டிஜேக்கள் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் மூலம் ரெக்கார்டுகளைத் தருவித்து வாசித்தார்கள். ஆங்கிலம் புரியாத கூட்டம் அந்தப் பாட்டுகளின்மேல் காதில் விழுந்த ஒலிக்கு ஏற்பத் தங்கள் போர்த்துகீசிய வரிகளைக் கத்திப் பாடியது. ஹெர்மானோ வியன்னா என்ற மானுடவியலாளர் அப்போது இந்த நடனக் கூட்டங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். டிஜே மார்ல்போரோ என்ற இளைஞருக்கு ஒரு டிரம் மெஷினைக் கொடுத்தவர் அவர்தான். 1989-ல் மார்ல்போரோ வெளியிட்ட ‘ஃபங்க் பிரேசில்’ தொகுப்பு, போர்த்துகீசியத்தில் பாடிய உள்ளூர் ஃபங்க்கின் முதல் பெரிய ரெக்கார்டு.

இங்கேதான் மயாமி பாஸ் கட்சிக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1990-களின் பெரும்பகுதி ரியோ ஃபங்க்கின் அடித்தாளம் உள்ளூர்ச் சரக்கே இல்லை. 1988-ல் டிஜே பேட்டரி பிரெயின் என்ற அமெரிக்கர் வெளியிட்ட ‘808 வோல்ட் மிக்ஸ்’ என்ற வாத்தியப் பதிவை எடுத்து, சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அதன்மேல் எம்சிக்கள் என்ற மேடைப் பாடகர்கள் பாடினார்கள். ரியோவில் அதை ‘வோல்ட் மிக்ஸ்’ என்றே சொல்வார்கள். சுவாரசியம் என்னவென்றால், மயாமி பாஸ் மயாமி பாஸ் என்று எல்லோரும் சொன்னாலும் அந்த ரெக்கார்டு வந்தது கலிஃபோர்னியாவிலிருந்து. ஒரே அடித்தாளத்தின்மேல் எத்தனை எத்தனையோ பாட்டுகள் வந்தன. வரியும் குரலும் மட்டும் மாறும். இது சந்தேகமில்லாத வரலாறு. அந்தக் காலப் பாட்டுகள் நான்கைந்தை வரிசையாகப் போட்டுக் கேட்டால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முரசு வந்தது அதற்குப் பிறகு. 1990-களின் கடைசியில் அந்த அமெரிக்க அடித்தாளத்தின் இடத்தை உள்ளூரில் செய்த ஒரு தாளம் பிடித்தது. தம்போர்ஸாவ் என்று அதற்குப் பெயர். பெரிய முரசு என்று பொருள். அதை முதலில் செய்தவராகப் பெரும்பாலோர் சொல்வது டிஜே லூசியானோ என்பவரை. செய்த கருவி ரோலண்ட் ஆர்-8 டிரம் மெஷின். உங்கள் முதல் வீடியோவின் தவறு இங்கேதான் இருக்கிறது. தம்போர்ஸாவில் நீங்கள் கேட்கும் அந்தத் தோல் கருவிச் சத்தம் வழிபாட்டுக் கூடத்தில் பதிவு செய்ததல்ல. அந்த மெஷினுக்குள் ஜப்பான் கம்பெனி வைத்து அனுப்பிய காங்கா சத்தம். காங்கா கியூபாவின் கருவி, பிரேசிலின் வழிபாட்டு முரசு அல்ல. அதன்கீழ் அதிர்வது 808 வகைக் கிக். ஆக, ‘சத்தம் எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்கு நேரடியான பதில், மெஷினிலிருந்து என்பதுதான்.

சரி, கணக்கு? அதுதான் ருசியான இடம். தம்போர்ஸாவைப் பதினாறு சின்ன மாத்திரைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் எட்டின் எலும்புக்கூடு மூன்று, மூன்று, இரண்டு. ‘தகிட தகிட தக’ என்று கைதட்டிச் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்திலும் அழுத்தம் கொடுத்து. இரண்டாம் எட்டில் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல், சற்றுப் பொறுத்து, கடைசியில் காங்காவின் சின்ன உருட்டல் ஒன்று வந்து அடுத்த ஆவர்த்தனத்துக்குத் தள்ளிவிடும். நம் காதுக்கு இது உடனே பிடிபடும். ஆனால் நாம் பழக்கதோஷத்தில் எட்டாவது மாத்திரையில் ஒரு முத்தாய்ப்பை எதிர்பார்ப்போம். தம்போர்ஸாவ் அதைத் தராது. கிக் விழவேண்டும் என்று நாம் நினைக்கும் இடத்தில் வெற்றிடம் இருக்கும், அந்த வெற்றிடத்தில்தான் ஆடுகிறவரின் இடுப்பு இறங்கும். தம்போர்ஸாவ் காலப் பாட்டுகள் பலவற்றில் ஹை-ஹாட் என்ற தட்டுச் சத்தம் இருக்காது, சேர்ந்தொலிக்கும் சுரங்களும் (chords) இருக்காது. கிக், தோல் சத்தம், குரல், அவ்வளவே. வெற்றிடத்தை மூட எதுவும் இல்லை. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 130 துடிப்பு.

இந்தக் கணக்கு பிரேசிலின் கறுப்பின மரபில் இருக்கிறதா என்றால், ஐயமே வேண்டாம், இருக்கிறது. கண்டோம்ப்ளே என்ற ஆப்ரோ-பிரேசிலிய வழிபாட்டில் அட்டபாகி என்ற முரசுகள் மூன்று ஒன்றாக ஒலிக்கும். பெரியது ரும், நடுவானது ரும்பி, சிறியது லே. ரும்பியும் லேயும் மாறாத ஓட்டத்தைப் பிடித்திருக்க, கனத்த குரல் கொண்ட ரும் தான் ஆடுகிறவரோடு பேசும், திருப்பங்களைச் சொல்லும். கூடவே ஓர் இரும்பு மணி கணக்கைக் காப்பாற்றும். யொரூபா வழிவந்த ‘கேட்டு’ (Ketu) என்ற பிரிவில் பெரும்பாலும் குச்சிகளால் அடிப்பார்கள். மத்திய ஆப்பிரிக்க பாண்டு மரபிலிருந்து வந்த அங்கோலா பிரிவில் வெறுங்கையால். இந்த அங்கோலா பிரிவின் தாளங்களில் ஒன்று கொங்கோ டி ஓரு. அதைக் கேட்டுவிட்டு தம்போர்ஸாவைக் கேட்டால் உறவு தெரியாமல் போகாது. பாயியா மாநிலத்தின் சாந்து அமாரு ஊரைச் சேர்ந்த மாகுலெலே என்ற கம்பு நடனத்தின் முரசிலும் கிட்டத்தட்ட அதே நடைதான். ஃபங்க் கலைஞர்களும் ஆராய்ச்சியாளர்களும் அடிக்கடி சுட்டுவது இந்த இரண்டையும்தான்.

ஆனால் ஒற்றுமை என்பது உறவுக்குச் சான்றே தவிர, வழிக்குச் சான்று ஆகாது. இந்த மூன்று-மூன்று-இரண்டு அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் இருக்கிறது. கியூபாவின் ஹபனேராவில் உண்டு, நியூ ஆர்லியன்ஸ் தெரு ஊர்வலத்தில் உண்டு, ஜமைக்காவிலிருந்து போர்ட்டோ ரிக்கோ போய் ரெக்கேட்டான் ஆன தாளத்தில் உண்டு, சம்பாவின் அடியிலும் உண்டு. ஏன், ரியோக்காரர்கள் இறக்குமதி செய்த எலக்ட்ரோ, மயாமி பாஸ் ரெக்கார்டுகளின் கிக்கிலேயே அந்தத் தள்ளல் இருந்தது. அடிமைக் கப்பல்கள் ஒரே கடற்கரைகளிலிருந்து மக்களைக் கொண்டுபோய்ப் பல துறைமுகங்களில் இறக்கின. அவர்களில் ஒரு கிளையின் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவில் மெஷினில் போட்ட தாளத்தை, இன்னொரு கிளையின் பேரப்பிள்ளைகள் ரியோவில் கேட்டார்கள். உலகத்தில் எத்தனையோ நடன இசை ரெக்கார்டுகள் இருக்க, அதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தேர்வு தற்செயல் இல்லை என்பது என் திடமான எண்ணம். நிரூபணம் கேட்டால் என்னிடம் இல்லை. கைபழகிய தாளத்தைக் காது முதலில் தேர்ந்தெடுக்கும் என்பது மட்டும் வாசிக்கிற எவருக்கும் தெரியும்.

அந்தக் கணக்கு வழிபாட்டுக் கூடத்திலிருந்து நேராக டிரம் மெஷினுக்குப் போனதா, வேறு வழியாகவா என்பதில்தான் கருத்து வேறுபாடு. என் ஊகம், கபோய்ரா என்ற ஆப்ரோ-பிரேசிலியத் தற்காப்பு ஆட்டத்தின் வகுப்புகளும் தெருவும்தான் பெரிய பாலம். மாகுலெலேயை 1940-களில் மெஸ்ட்ரி போபோ என்ற கலைஞர் சாந்து அமாருவில் மீட்டெடுத்தார். பிறகு கபோய்ரா குழுக்கள் அதைத் தங்கள் நிகழ்ச்சிகளில் சேர்த்துக்கொண்டு நாடு முழுக்கக் கொண்டுபோயின. அதனால் கண்டோம்ப்ளே பக்கமே போகாத பையனுக்கும், பள்ளியிலோ குடியிருப்புச் சங்கத்திலோ கபோய்ரா கற்றிருந்தால், அந்த முரசு காதில் ஊறியிருக்கும். மெஷினின் காங்கா பட்டனை அழுத்தும்போது விரல் அங்கே போவது இயல்பு. இதை நான் ஊகம் என்றே வைக்கிறேன். கண்டோம்ப்ளே குடும்பங்களில் வளர்ந்த ஃபங்க் கலைஞர்களும் இருக்கிறார்கள், அவர்கள் நேர்வழியைத்தான் சொல்வார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கத் தடையில்லை.

‘அப்படியென்றால் கோயில் முரசு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?’ என்று கேட்கலாம். குறைகிறது. கண்டோம்ப்ளேயில் முரசு என்பது வெறும் வாத்தியம் இல்லை. அதற்குச் சடங்கு செய்வார்கள், படையல் வைப்பார்கள், உரிய தீட்சை பெற்றவர்கள்தான் தொடுவார்கள். அந்த முரசுகள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. 1888-ல் அடிமை முறை ஒழிந்தது. 1890-இன் குற்றவியல் சட்டம் கபோய்ராவைக் குற்றமாக்கியது, மாந்திரீகம் என்ற பெயரில் இந்த வழிபாடுகளைத் தண்டிக்கவும் இடம் கொடுத்தது. ரியோ போலீஸ் வழிபாட்டுக் கூடங்களில் புகுந்து அள்ளிய புனிதப் பொருட்கள் பல பத்தாண்டுகள் போலீஸ் அருங்காட்சியகத்தில் ‘பில்லி சூனியம்’ என்ற தலைப்பின்கீழ் கிடந்தன. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2020-ல்தான் அவை குடியரசு அருங்காட்சியகத்துக்கு மாறின. இன்றும் ரியோவின் சில பகுதிகளில் இந்தக் கூடங்கள் தாக்கப்படுகின்றன. இவ்வளவு இருக்கும்போது, ஒரு ரீல்ஸ் பாட்டின் மெஷின் காங்காவை ‘புனித முரசு’ என்று கவர்ச்சிக்காகச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. அந்த மரபிலிருந்து வந்த நடை என்று சொன்னால் போதும், அதுவே பெரிய விஷயம்.

ஃபங்க்குக்கும் அதே போலீஸ் அனுபவம் வாய்த்தது. 1992-ல் அர்போடோர் கடற்கரையில் இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டு ஓட்டம் பிடித்த காட்சி டிவியில் வந்தது. அன்றிலிருந்து பத்திரிகைகளுக்கு ஃபங்க் என்றால் குற்றம் என்று ஆனது. கிளப்புகள் மூடப்பட, பைலேக்கள், அதாவது நடன விருந்துகள், ஃபவேலாக்களுக்குள் போயின. 2008-ல் ரியோ மாநிலம் நிபந்தனைகளால் நெரிக்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கலைஞர்கள் திரண்டு போராடி 2009-ல் அதை நீக்கவைத்து, ஃபங்க்கைப் பண்பாட்டு இயக்கமாக ஏற்கும் சட்டத்தையும் வாங்கினார்கள். 2017-ல் ஃபங்க்கையே குற்றமாக்கச் சொல்லி ஒரு மனு கையெழுத்து திரட்டி செனட் வரை போய்த் தோற்றது. 2019 டிசம்பர் 1-ஆம் தேதி சாவோ பாலோவின் பரைசோபொலிஸ் ஃபவேலாவில் நடந்த பைலேயில் போலீஸ் இறங்கியபோது 9 இளைஞர்கள் செத்துப்போனார்கள். அதே வருடம் ரியோவின் டிஜே ஹென்னன் டா பென்யா சில மாதங்கள் சிறையில் இருந்தார். வெளியே அவருடைய பாட்டு விருது வாங்கிக்கொண்டிருந்தது. 2024-ல் அதே நாடு ஜூலை 12-ஐத் தேசிய ஃபங்க் தினம் என்று சட்டம் போட்டது. 1970-இன் அந்த முதல் விருந்தின் நினைவாக. கபோய்ராவுக்கும் சம்பாவுக்கும் நடந்ததுதான் இது. முதலில் அடி, பிறகு மாலை. முரசுக்கும் ஃபங்க்குக்கும் இருக்கும் தொடர்பை அடிக்கணக்கில் மட்டும் தேடுகிறவர்கள் இந்த வரலாற்றையும் பார்க்கவேண்டும் என்பேன்.

நீங்கள் ரீல்ஸில் கேட்டது அநேகமாக தம்போர்ஸாவே இல்லை. தம்போர்ஸாவுக்குப் பிறகு, ஏறக்குறைய 2010-ஐ ஒட்டி, வாயால் போடும் பீட்பாக்ஸ் சத்தம் காங்காவின் இடத்தைப் பிடித்தது. டிஜேக்கள் எம்சியின் வாய் ஒலியை வெட்டி, சுருதி மாற்றி, அதே கணக்கில் அடுக்கினார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். மிருதங்கம் தொடாமலே சொற்கட்டில் முழு ஆவர்த்தனத்தையும் சொல்லிவிடுகிற நமக்கு, கருவி போனபின்னும் தாளம் வாயில் நிற்பது வியப்பே இல்லை. 2010-களின் பிற்பகுதியில் ரியோவில் வேகம் 150-க்கு ஏறியது. டிஜே பாலிவாக்ஸ், ஹென்னன் டா பென்யா போன்றவர்கள் அதைப் பரப்பினார்கள். 130-ல் ஊஞ்சல் போல ஆடிய இடைவெளி 150-ல் துடிப்பாக மாறிவிடுகிறது. ஆட்டமும் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கிவிட்டது. சாவோ பாலோ இன்னொரு பக்கம் போனது. அங்கே கொண்ட்ஸில்லா யூடியூப் சேனல் இந்த இசையை உலகத்துக்குக் கொண்டுபோனது. 2017-ல் எம்சி ஃபியோட்டி, ஜெர்மன் இசைமேதை பாக்கின் (Bach) புல்லாங்குழல் இசைத் துண்டு ஒன்றை ஃபங்க் அடியின்மேல் வைத்துச் செய்த பாட்டின் வீடியோ நூறு கோடி பார்வைகளைத் தாண்டியது. அங்கேயே ஒலியை வேண்டுமென்றே கிழியவிடும் முரட்டு வகைகளும் வந்தன. அவற்றின் சில்லுகளை எடுத்து, வெளிநாட்டு இளைஞர்கள் கார் ஓட்டும் வீடியோக்களுக்குச் செய்யும் சரக்குதான் ‘பிரேசிலியன் ஃபோங்க்’. உங்கள் ரீல்ஸில் வந்தது பெரும்பாலும் அந்த வகையாக இருக்கும். அதில் தாளத்தின் கூடு மட்டும் இருக்கிறது. இடைவெளியை டிஸ்டார்ஷன் நிரப்பிவிட்டது. கெட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் அதை மட்டும் கேட்டு ஃபங்க்கை எடைபோட வேண்டாம். டைஸி டிக்ரோனா, டாட்டி கேப்ரா பஹாக்கோ போன்ற பெண்கள் 2000-களின் தொடக்கத்தில் பாடியவற்றைத் தேடிக் கேளுங்கள். தம்போர்ஸாவின் நல்ல காலம் அதுதான்.

டைஸியின் பெயரைச் சொன்னதும் உங்கள் உறுமிக் கேள்விக்கு வந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தமிழ்ப்பெண் நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, லண்டனில் பாடகியான எம்ஐஏ, மாயா அருள்பிரகாசம். 2005-ல் வந்த ‘அருளர்’ ஆல்பத்தில் ஒரு பாட்டு, சிட்டி ஆஃப் காட் ஃபவேலாவைச் சேர்ந்த டைஸியின் பாட்டை அடியாக வைத்து டிப்ளோ என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரோடு செய்தது. பிரேசிலுக்கு வெளியே பலரும் முதன்முதலில் ஃபங்க் அடியைக் கேட்டது அதில்தான். 2007-ல் வெளிவந்த ‘கலா’ ஆல்பத்துக்காகச் சென்னை வந்து, இங்கத்திய வாசிப்பாளர்களை வைத்து உறுமியைப் பதிவு செய்தார். அந்த ஆல்பத்தின் ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டைக் கேளுங்கள். மெஷின் அடியோடு உறுமி முட்டி மோதுவது எப்படி இருக்கும் என்பதற்கு அது நல்ல பாடம். ஆக, செய்யலாமா என்றால், செய்திருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய உட்கார்ந்தால் இரண்டு இடத்தில் இடிக்கும். முதலாவது நடை. உறுமி மேளத்தில் திஸ்ரம் அதிகம், ஆறு ஆறாகச் சுழலும். ஃபங்க் பதினாறு, சதுஸ்ரம். ஆறில் சுழல்கிற வாசிப்பை வெட்டி, கம்ப்யூட்டரின் தாளக் கட்டத்தில் (கிரிட்டில்) வைத்து இழுத்துப் பதினாறில் பொருத்தினால் கணக்கு சரியாக வரும், அசைவு செத்துவிடும். வாசிப்பவரிடம் ‘தகிட தகிட தக’ சொல்லிக்காட்டி, 130-ல் கிக்கை மட்டும் ஹெட்ஃபோனில் கொடுத்து, அதன்மேல் அவரையே வாசிக்கவிடுங்கள். இரண்டு நிமிடம் நிறுத்தாமல் வாசிக்கட்டும். முதல் சில ஆவர்த்தனங்கள் தேடுவார், பிறகு அவராகவே ஓர் இடத்தில் அமர்வார். அங்கிருந்து எடுங்கள். எடுத்ததைக் குவாண்டைஸ் செய்யாதீர்கள், அதாவது அடிகளைக் கிரிட்டுக்கு இழுத்து ஒட்டாதீர்கள். சாம்பிள் பேக்கில் கிடைக்கும் உறுமியில் இது நடக்காது. வாசித்தவருக்குக் காசும், பாட்டில் பெயரும் கொடுங்கள்.

இரண்டாவது, அடிச்சுருதி. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் கீழே கீழே வழுக்கிப்போகும். 808 கிக்கின் நீண்ட வாலும் அதே தளத்தில்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஒன்றையொன்று தின்று, ஸ்பீக்கரில் வெறும் கலங்கல்தான் வரும். ஈக்யூவில், அதாவது ஒலியின் குறிப்பிட்ட தளங்களைக் கூட்டிக் குறைக்கும் கருவியில், வெட்டி இதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள், பாதிதான் சரியாகும். அதைவிட, கிக்கின் வாலைச் சுருக்கி முதல் இரண்டு தகிடக்களிலும் கிக் மட்டும் விழும்படி வையுங்கள். அந்தக் கடைசி ‘தக’விலும், இரண்டாம் எட்டில் தம்போர்ஸாவ் காலியாக விடும் இடத்திலும் உறுமியின் தேய்ப்பை விடுங்கள். கிக்கை உறுமி வழுக்கி வந்து நிற்கும் சுருதிக்கு ட்யூன் செய்யுங்கள், மாற்றிச் செய்யவேண்டாம். தோலை மெஷினுக்காக இழுத்துப்பிடித்தால் அதன் குரல் போய்விடும், மெஷினுக்கு ஒரு நாப் திருப்பினால் போதும். முதல் மிக்ஸை லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாமல், கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விடுகிற பெரிய பெட்டிகள் எங்காவது கிடைத்தால் அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ரியோவில் இந்த இசை அப்படிப்பட்ட பெட்டிச் சுவர்களுக்காகச் செய்ததுதான், கிக்குக்கும் உறுமிக்கும் நடுவே நீங்கள் விட்ட இடம் போதுமா என்பது அதில்தான் தெரியும்.